பதினேழாம் வரிசை

திங்கட்கிழமைக்குள் நிரப்பித் தரவேண்டிய தாள்.
எழுபத்திரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கட்டம்:
பார்த்திருக்கிறேன், துணையோடு செய்திருக்கிறேன், தனியே செய்வேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
மூன்றாம் மாடி ஜன்னலை அறைந்துகொண்டே இருக்கிறது.
தாள் பறக்காதிருக்க
சலைன் பாட்டிலை மேலே வைத்து எழுதுகிறேன்.

எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடுதல். தனியே.
இரண்டு கிலோ எழுநூறு கிராமுக்கு
ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று
தாள் கேட்கவில்லை.

பேச்சு வராத குழந்தையின் வலியை மதிப்பிடுதல். தனியே.
புருவம், முழங்கால், விரல் மடங்கும் விதம்.
அழுது ஓய்ந்த குழந்தையை நம்பக்கூடாது
என்பதற்குக் கட்டம் இல்லை.

பதினேழு:
பச்சிளங்குழந்தையின் வாந்தியில் நிறம் அறிதல்.

செவ்வாய் இரவு, இரண்டே கால்.
கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தாள் சபூரா.
பிள்ளை பெற்று நான்கே நாளான பச்சை உடம்புக்காரி,
கையில் பச்சைக் குழந்தை.
பெயர் வைக்கவில்லை; மணிக்கட்டுப் பட்டையில்
சபூராவின் ஆண் குழந்தை.
"பாலைக் கக்குது சிஸ்டர்" என்றவள்
துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்,
அழுக்கென்று கூச்சப்பட்டு.
கேட்டு வாங்கி
குழல்விளக்கின் கீழே விரித்தேன்.

மஞ்சள் இல்லை.
அவரை இலையைக் கசக்கிய பச்சை.

டியூட்டி டாக்டர் நிகேஷ் நல்ல பையன்,
முப்பது மணி நேரமாய்த் தூங்காதவன்.
வயிற்றைத் தொட்டான். மெத்தென்றிருந்தது.
"ராவிலெ நோக்காம், சேச்சி."
மெத்தென்றிருந்ததுதான் எனக்குப் பயம்.
நானே சர்ஜனை எழுப்பினேன்.
(ஐம்பத்தெட்டு: தன் பணி வரம்பறிந்து நடத்தல்.
அதைப் பிறகு பார்க்கலாம்.)

மூக்கு வழியே எட்டாம் எண் குழாய்.
புறங்கையில் நரம்பு கிடைக்கவில்லை, பாதத்தில் கிடைத்தது.
ஒப்புதல் தாள் மலையாளத்தில்.
அவளுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும்,
கணவன் லாரியோடு நெல்லூருக்கு அப்பால்.
வரிவரியாய்த் தமிழில் சொன்னேன்.
'உயிர் போகலாம்' என்ற இடத்தில்
குரலைத் தாழ்த்தவில்லை, வேகமாய்த் தாண்டவுமில்லை.
கையெழுத்திடுமுன் ஒன்றுதான் கேட்டாள்:
"மார் கட்டுது. பாலை என்ன செய்ய?"
வெந்நீரில் அலசிய டம்ளரைக் கொடுத்தேன்.
"பீய்ச்சி வை. வேண்டியிருக்கும்."
அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை.

குடல் தன்னையே முறுக்கிக்கொண்டு
நாவற்பழ நிறத்தில் கிடந்தது.
சர்ஜன் முறுக்கைப் பிரித்து
வெந்நீர்த் துணியால் மூடினார்.
பிறகு பத்து நிமிடம் எல்லோரும் சும்மா நின்றோம்.
ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை
இரண்டு முறை சரிசெய்துகொண்டார்.
துணியை விலக்கினார்கள்.
உள்ளங்கை அகலம் தவிர
மற்றதெல்லாம் சிவக்கத் தொடங்கியிருந்தது.

தாள் கேட்கிறது:
இத்திறனை எங்கே பெற்றீர்கள்?
வகுப்பு, பட்டறை, மற்றவை.

மற்றவை.
எதிரே ஒரு கோடு, விளக்கி எழுத.

ஏழு வருடம் முன்பு, கோவிந்தாபுரத்துப் பெண்குழந்தை.
அன்றும் துணியில் பச்சை பார்த்தேன்.
விடியட்டும் என்றார்கள்.
விடியட்டும் என்று நானும் இருந்தேன்.
விடிந்தது.

கோட்டைக் காலியாகவே விட்டேன்.

இன்று ஞாயிறு. குழாயில் வருவது தெளிந்துவிட்டது.
ஐந்து மில்லி பால், அவளுடையதே.
சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள் சபூரா,
மூச்சு விட்டால் சிந்திவிடும் என்பதுபோல.
பெயர் என்ன என்றால்
"அவங்க வரட்டும், லாரி ஆம்பூர் தாண்டிருச்சாம்" என்கிறாள்.
நிகேஷ் என் தோளுக்கு மேலாக ஐம்பத்தெட்டை எட்டிப் பார்த்து
"அதில் என்டெ பேர் வேண்டா, சேச்சி" என்கிறான்.

பதினெட்டு: ஸ்டோமாப் பை மாற்றுதல்.
தனியே.